இரு தரிப்பிடங்களுக்கிடையே: பெண், நகரம், 'பாதுகாப்பு' பற்றிச் சில விமர்சனக் குறிப்புகள்

1

இரவில் தனியே வந்த பெண்ணொருத்தி தெருவில் தொந்தரவுக்கு உள்ளானாள் என்ற செய்தி நம்மவர் மத்தியில் வந்து சேர்ந்ததும் முதலில் எழும் கேள்வி, 'அந்த நேரத்தில் அவள் ஏன் தனியப் போனவள்?' என்பதுதான். கல்யாண வீட்டுப் பந்தியில் எழுவதும் இதே கேள்வி. நாலு புத்தகம் படித்தவர்கள் கூடும் சந்திப்புகளிலும், சற்று மெருகூட்டப்பட்ட சொற்களில், இதே கேள்வி. சேலையில் முள் பட்டாலும் முள்ளில் சேலை பட்டாலும் சேதம் சேலைக்குத்தான் என்ற பழமொழி ஊரிலிருந்து நம்மோடு விமானம் ஏறி வந்துவிட்டது. அந்தப் பழமொழி நடைபாதையில் முள் எப்படி வந்தது என்று ஒருபோதும் கேட்பதில்லை. பாதை யாருடையது, அதைத் துப்புரவாக்குவது யார் பொறுப்பு என்றும் கேட்பதில்லை. சேலையை வீட்டுக்குள் மடித்து வைப்பதோடு அதன் அறிவு முடிந்துவிடுகிறது.

இக்கட்டுரை அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்க முயல்கிறது. அதற்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது நாம் வாழும் மொன்றியல் நகரத்தையே. பெண்கள் தனியே நடமாடுவது பற்றி இந்நகரம் 1990களில் சில முக்கியமான காரியங்களைச் செய்தது. அவற்றைப் பற்றி நமது இதழ்களில் ஒரு வரிதானும் எழுதப்பட்டதை நான் கண்டதில்லை. 'உடலரசியல்' பற்றியும் 'பெண்மொழி' பற்றியும் பக்கம் பக்கமாக விவாதித்த நாம், அந்த உடல் இரவு பதினொரு மணிக்கு எந்த பஸ்ஸில் வீடு திரும்புகிறது என்று விசாரிக்கவில்லை.

முதலில் 'பாதுகாப்பு' என்ற சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு இது அப்பாவியான சொல்லல்ல. யாழ்ப்பாணத்தில் 'உயர் பாதுகாப்பு வலயம்' என்றால் மக்கள் தமது வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போகமுடியாத நிலம். 2009இல் வன்னியில் அறிவிக்கப்பட்ட 'பாதுகாப்பு வலயம்' ஷெல் விழுந்த இடம். சோதனைச் சாவடியில் நின்றவர்களும் 'பாதுகாப்புப் படையினர்'. ஒரு சொல் இவ்வளவு இரத்தத்தில் தோய்ந்த பின், 'பெண்களின் பாதுகாப்பு' என்று யாராவது சொன்னால், யாரிடமிருந்து, யாரால், எந்த விலைக்கு என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் தலையாட்டுவது சரியல்ல.

2

1989 டிசம்பர் 6ஆந் திகதி மாலை, மொன்றியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொலிரெக்னிக் பொறியியற் கல்லூரிக்குள் துப்பாக்கியோடு நுழைந்த ஒருவன், ஒரு வகுப்பில் ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்கள்மீது சுட்டான். பெண்ணிலைவாதிகளை வெறுப்பதாகச் சொல்லிக்கொண்டே சுட்டான். அன்று 14 பெண்கள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் பொறியியல் மாணவிகள். நம்மவர் பலர் வந்து இறங்கிக் குடியிருந்த கோட்-டெ-நேஜ் பகுதியிலேயே இது நடந்தது. அவர்கள் இருட்டில் தனியே நடந்துகொண்டிருக்கவில்லை. விளக்கெரியும் வகுப்பறையில், நண்பர்கள் நடுவில் இருந்தார்கள். 'ஏன் தனியப் போனவள்' என்ற கேள்விக்கு இந்த ஒரு சம்பவமே போதுமான மறுப்பு.

இந்நகரப் பெண்கள் அமைப்புகள் அந்தத் துயரோடு நின்றுவிடவில்லை. 1990இல் மொன்றியல் நகரசபை 'பெண்களும் நகரமும்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 1992இல் பெண்கள் அமைப்புகள், நகரசபை, பொலிஸ், போக்குவரத்து நிறுவனம் ஆகியவற்றைச் சேர்ந்தோர் ஒன்றாக அமர்ந்து பேசும் 'பெண்களும் நகரப் பாதுகாப்பும்' என்ற செயற்குழு உருவானது. அதற்குச் சற்று முன்னர், 1989இல், ரொறன்ரோவில் மெற்றாக் என்ற அமைப்பு 'பாதுகாப்புக் கணக்கெடுப்பு' என்ற முறையை வகுத்திருந்தது. ஒரு பகுதியைப் பயன்படுத்தும் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, இருட்டிய பின் அந்த வழியே நடந்து, எங்கே வெளிச்சம் இல்லை, எங்கே ஒருவன் மறைந்து நிற்கலாம், எங்கே கத்தினால் ஒருவருக்கும் கேட்காது என்று எழுதுவார்கள். அந்தப் பட்டியல் நகரசபைக்குப் போகும். இந்த முறை பிறகு உலகின் பல நகரங்களுக்குப் பரவியது. டெல்லியில் ஜாகோரி அமைப்பும் இதைக் கையாண்டது.

மொன்றியலில் இதன் மிகவும் கண்கூடான பலன் 1996இல் வந்தது. இருட்டிய பின் தனியே பயணஞ்செய்யும் பெண், தான் இறங்கவேண்டிய இடத்தைச் சாரதியிடம் முன்கூட்டியே சொன்னால், இரண்டு தரிப்பிடங்களுக்கு இடையிலும் பஸ் நிற்கும்; முன்கதவால் அவள் இறங்கலாம். 'இரு தரிப்பிடங்களுக்கிடையே' என்பதுதான் அச்சேவைக்குப் பிரெஞ்சில் வைத்த பெயரின் பொருள். ரொறன்ரோவில் இதையொத்த ஏற்பாடு 1991இலேயே வந்துவிட்டது. செலவு அநேகமாக எதுவுமில்லை. ஆனால் அதன் பின்னாலுள்ள சிந்தனை சிறியதல்ல. நேர அட்டவணையும் தரிப்பிடமும் எல்லோருக்கும் ஒன்றே என்ற எண்ணத்தை அது உடைத்தது. இருநூறு யார் தூரம் பகலில் ஒரு நீளம், இரவில் வேறொரு நீளம். ஆணுக்கு ஒரு நீளம், பெண்ணுக்கு வேறொரு நீளம் என்று ஒரு பொது நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்தில் மாணவர்களுக்குப் புவியியல் கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: எங்கள் பாடநூலெதிலும் தூரத்துக்கு இப்படி ஒரு வரைவிலக்கணம் இருக்கவில்லை.

இந்த அனுபவங்களையெல்லாம் திரட்டி 2002இல் நகரசபை ஒரு கைநூலை வெளியிட்டது. 'பெண்களும் நகரமும்' திட்டத்தின் இணைப்பாளர் ஆன் மிஷோ எழுதியது. பாதுகாப்பான நகரச் சூழலை எப்படி அமைப்பது என்று திட்டமிடலாளருக்கும் கட்டிடக்கலைஞருக்கும் சொல்லும் நூல். அதன் அடிப்படைகள் ஆறு: எங்கே நிற்கிறோம், எங்கே போகிறோம் என்பது தெரிதல், பார்க்கவும் பார்க்கப்படவும் முடிதல், கேட்கவும் கேட்கப்படவும் முடிதல், தப்பிக்கவும் உதவி பெறவும் வழியிருத்தல், துப்புரவான, வரவேற்கும் சூழல், சேர்ந்து செயற்படல்.

இந்த ஆறில் எதுவும் 'பெண்ணே, கவனமாயிரு' என்று சொல்லவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். எந்த உடுப்பு, எந்த நேரம், யார் துணை என்ற பேச்சே இல்லை. எல்லாக் கட்டளைகளும் விளக்குக்கும் மதிலுக்கும் சுரங்கப்பாதைக்கும் அவற்றைக் கட்டுகிறவர்களுக்கும் இடப்பட்டவை. நூலின் பெறுமதியாக நான் கருதுவது இதைத்தான்: பெண்ணின் பயத்தை அது ஒரு தகவலாக எடுத்துக்கொள்கிறது. ஒரு பெண் ஒரு மூலையைச் சுற்றிப் போகிறாள் என்றால் அந்த மூலையில் பிழை இருக்கிறது என்று அது முடிவுசெய்கிறது. நம்மிடையே அதே பயம் அவளை வீட்டில் வைத்திருப்பதற்கான நியாயமாகிறது.

3

'இதெல்லாம் வெள்ளைக்காரரின் முறைகள், நமக்குப் பொருந்தாது' என்று சொல்லப்போகிறவர்களுக்கு ஒன்றை நினைவூட்டவேண்டும். பெண்களின் வாய்மொழியைச் சான்றாகக் கொண்டு ஒரு சூழலை அளப்பது நமக்கு அந்நியமல்ல. இந்திய அமைதிப்படைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெண்களைத் தேடிப்போய், அவர்கள் சொன்னவற்றைக் கேட்டு, 'முறிந்த பனை' நூலுக்காக எழுதியவர் ராஜனி திராணகம. யாழ் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர். 1989 செப்டெம்பர் 21ஆந் திகதி, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். கொன்றவர்கள் இன்றுவரை எந்த நீதிமன்றத்தின் முன்னும் நிறுத்தப்படவில்லை. அதே வருடத்தில், மூன்று மாதங்கள்கூட முடியுமுன், பொலிரெக்னிக். இரண்டையும் ஒன்றென்று சொல்ல நான் வரவில்லை. காரணங்கள் வேறு, கைகள் வேறு. ஆனால் மொன்றியலில் அந்த மரணங்களின் பின் பெண்கள் பேசியது நகரசபையின் ஏடுகளில் ஏறியது. நம்மிடத்தில் பெண்களின் பேச்சைப் பதிந்தவரே போய்விட்டார். பதியும் வேலையும் அவரோடு பெரும்பாலும் நின்றுவிட்டது.

1996ஐயும் இப்படிப் பார்க்கலாம். மொன்றியலில் தனியே வரும் பெண்ணுக்காக பஸ் நிறுத்தப்படத் தொடங்கிய அதே ஆண்டு செப்டெம்பர் 7ஆந் திகதி, சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி உயர்தர இரசாயனவியல் பரீட்சையை எழுதிவிட்டுக் கைதடியிலுள்ள வீட்டுக்குச் சைக்கிளில் திரும்புகையில் செம்மணிச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டாள். அங்கு நின்ற இராணுவத்தினரால் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். அவளைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கூடக் கொல்லப்பட்டார்கள். 1998இல் கொழும்பு மேல்நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு மரணதண்டனை விதித்தது. அவள் போனது பகலில். போனது பரீட்சைக்கு. ஆபத்து நின்ற இடம் அந்தத் தெருவிலேயே மிக அதிகமாகக் 'காவல்' போடப்பட்டிருந்த இடம். தேடிப்போன துணையும் அங்கே உதவவில்லை. நமது வழமையான புத்திமதிகள் அத்தனையையும் அந்த ஒரு வழக்கு பொய்யாக்கிவிட்டது; ஆனாலும் அவற்றை நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

'அது இராணுவம், அந்நியன்' என்று ஆறுதல்படவும் வழியில்லை. 2015 மே 13ஆந் திகதி புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட மாணவி கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில், 2017இல் ஏழு பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அது இராணுவம் செய்த கொலையல்ல. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையில் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவை அனுபவித்ததாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். பொலிஸ் உதவியை நாடியவர்களோ நூற்றுக்கு நான்கு பேர். நிறைந்த பஸ்ஸில், பட்டப்பகலில், பலர் முன்னிலையில் நடப்பவை இவை. சனக்கூட்டம் தானாகவே பாதுகாப்பாகிவிடுவதில்லை. ஒரு பெண் குரலெழுப்பினால் கூட்டம் யார் பக்கம் நிற்கும் என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது.

4

இனி மொன்றியலின் செயற்பாடுகள்மீதான என் விமர்சனத்துக்கு வருகிறேன். மெச்சுவதோடு நிறுத்திக்கொள்வது விருந்தாளியின் மரியாதையாக இருக்கலாம். நாமோ இங்கு வரி கட்டும் குடிகள்.

முதலாவது, 'இரு தரிப்பிடங்களுக்கிடையே' என்ற சேவை கேட்பவளுக்கு மட்டுமே கிடைக்கும். கேட்பதற்கு மொழி வேண்டும். அப்படியொரு சேவை இருப்பது தெரிந்திருக்கவேண்டும். ஒரு பஸ் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, முன்னே போய்ச் சாரதியிடம் பிரெஞ்சில் ஒரு வசனம் பேசும் துணிவு வேண்டும். நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் மாலை ஷிப்ற்றில் பொதி கட்டும் நம் பெண்களில் பலருக்கு இச்சேவை இருப்பதே தெரியாது. தெரிந்த பின்னும் ஒருத்தி சொன்னாள்: 'அக்கா, நான் பிழையாக் கேட்டு அவன் சிரிச்சால், நான் அந்த பஸ்ஸிலயே இனி ஏறமாட்டன்.' இந்தக் கூச்சத்தைக் கைநூலின் ஆறு அடிப்படைகளில் எதுவும் அளக்கவில்லை. 'கேட்கவும் கேட்கப்படவும் முடிதல்' என்பது சத்தத்தின் அளவு மட்டுமல்ல, மொழியின் பிரச்சினையும்கூட.

இரண்டாவது, நகரத்தின் நிலவரைபடம் வர்க்க வரைபடமும்தான். நம்மவர் பலர் வாழ்ந்த, இன்றும் வாழும் பார்க் எக்ஸ்ரென்ஷனை எடுத்துக்கொள்வோம். தெற்கிலும் கிழக்கிலும் ரயில் பாதைகள். வடக்கே மெற்றோபொலிற்றன் நெடுஞ்சாலை. மேற்கே லக்கடி வீதியோரமாக ஒரு கம்பி வேலி. அந்த வேலியை 1960இல் எழுப்பியது அப்பால் இருக்கும் வசதிபடைத்த மவுண்ட் றோயல் நகரம். இடையிடையே சில வாயில்கள் மட்டுமே உண்டு. அதற்கு என்ன காரணம் சொல்லப்பட்டாலும், வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது பாதுகாப்பு. அப்பகுதியில் பிள்ளை பார்க்கவும் வீடு துடைக்கவும் போய்த் திரும்பும் பெண்ணுக்கு அது சுற்றிப்போக வைக்கும் தடை. ஓடித் தப்பவேண்டி வந்தால் ஒரு பக்கம் முழுக்க மூடப்பட்டது. ஷபனெல் தெருவின் தையற் தொழிற்சாலைகளுக்குப் போன பெண்கள் ஆண்டுக்கணக்காக அந்த நெடுஞ்சாலையின் கீழால் நடந்தார்கள். 2005இல் சர்வதேச ஆடை ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தபோது அத்தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. வேலை நகரின் ஓரங்களிலுள்ள தொழிற்பேட்டைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் நகர்ந்தது. பெண்ணின் இரவுப் பாதை இன்னும் நீண்டது. தொழிற்பேட்டை கார் வைத்திருப்பவனுக்காகக் கட்டப்பட்ட இடம். அங்கே இரண்டு தரிப்பிடங்களுக்கு இடையில் இறங்கி என்ன பயன்? தரிப்பிடத்திலும் ஒருவருமில்லை, இடையிலும் ஒருவருமில்லை. பஸ்ஸை இடையில் நிறுத்தலாம் என்ற சலுகை, பஸ் ஓடுகிற, வீடுகள் இருக்கிற தெருவில் வாழ்பவளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

மூன்றாவது, இந்நகரமே தன் கைநூலை மறந்த ஒரு காலம் உண்டு. கோவிட் தொற்றின்போது 2021 ஜனவரி 9 முதல் மே 28 வரை கியூபெக்கில் இரவு ஊரடங்கு இருந்தது. தொடக்கத்தில் மாலை எட்டு மணி முதல் அதிகாலை ஐந்து மணி வரை. மீறினால் ஆயிரம் டொலரிலிருந்து தண்டம். வேலைக்குப் போகிறவர்கள் முதலாளியின் கடிதத்தோடு போகலாம். இதன் மருத்துவ நியாயத்தை நான் இங்கு விவாதிக்கவில்லை. ஆனால் அந்த மாதங்களில் கடைகள் மூடிய, சாளரங்கள் இருண்ட தெருக்களில் நடந்தவர்கள் யார்? முதியோர் இல்லங்களில் இரவு வேலை பார்த்த பெண்கள். அவர்களுள் அகதி விண்ணப்பதாரிகள் எத்தனையோ பேர். அரசாங்கம் அவர்களைக் 'காவல் தேவதைகள்' என்று புகழ்ந்தது. பார்க்கவும் பார்க்கப்படவும், கேட்கவும் கேட்கப்படவும் என்று 2002இல் எழுதியதற்கு நேர்மாறான நகரத்தை அந்தத் தேவதைகளுக்குக் கொடுத்தது. கையில் கடிதத்தை வைத்துக்கொண்டு வெறுந்தெருவில் நடப்பது எப்படியென்று யாழ்ப்பாணத்தவளுக்கு விளக்கத் தேவையில்லை. பாதுகாப்பின் பெயரால் தெருவை வெறுமையாக்கினால், தெருவில் இருந்தே தீரவேண்டியவள்தான் விலை கொடுக்கிறாள்.

நான்காவது விமர்சனம் ஆழமானது. நகரத்தின் கைநூல் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. 1993இல் ஸ்ரற்றிஸ்ரிக்ஸ் கனடா 12,300 பெண்களிடம் நடத்திய ஆய்வில், பதினாறு வயதின் பின் குறைந்தது ஒரு வன்முறைச் சம்பவத்தையாவது அனுபவித்தவர்கள் நூற்றுக்கு 51 பேர். தமக்குத் தெரிந்த ஆண்களால் வன்முறைக்கு உள்ளானோர் நூற்றுக்கு 45 பேர். அந்நியரால் உள்ளானோர் நூற்றுக்கு 23 பேர். விளக்குக் கம்பம் அந்த 23க்கு ஓரளவு மருந்து. 45க்கு அது என்ன செய்யும்? இதற்காகக் கைநூலைக் குற்றஞ்சொல்வது நியாயமல்ல. தெருவைப் பற்றிய நூல் அது. ஆனால் தெருவுக்கும் வீட்டுக்கும் உள்ள தொடர்பை விட்டுவிட முடியாது. வீட்டில் அடிபடும் பெண் வெளியேறவேண்டிய வழி அதே தெருதான். இரவில் தனியே போகப் பயப்படும்படி வளர்க்கப்பட்டவளுக்கு, நள்ளிரவில் வீட்டை விட்டுப் புறப்படும் வாசல் ஏற்கெனவே அடைக்கப்பட்டுவிட்டது.

5

இங்குதான் நம்மை நோக்கித் திரும்பவேண்டியிருக்கிறது.

நம் குடும்பங்களில் பெண்ணின் பாதுகாப்புக்கு நாம் கண்டுபிடித்த ஒரே சாதனம் கார். அண்ணனோ கணவனோ மகனோ கொண்டுபோய் விடுவார், திரும்ப ஏற்றுவார். இதில் அன்பில்லை என்று நான் சொல்லவில்லை. பத்துமணிநேரம் வேலை செய்துவிட்டுப் பனியில் கார் துடைத்து மனைவியை ஏற்றப் போகிறவரை எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஏற்பாட்டின் கணக்கைப் பார்க்கவேண்டும். கார் வரமுடியாத நேரத்து வேலையை அவள் எடுக்கமுடியாது. கார்க்காரருக்கு வசதிப்படாத வகுப்புக்கு அவள் போகமுடியாது. எங்களோடு வேலைசெய்த இளம் பெண்ணொருத்தி மாலைநேரப் பிரெஞ்சு வகுப்பை இரண்டாம் மாதத்திலேயே விட்டாள். வகுப்பு முடிய இரவு ஒன்பதரை. கணவனுக்கு அந்த நேரம் வேலை. மாமி 'தனிய வரவேண்டாம்' என்றார். காரணம் பாதுகாப்பு.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். 2022இல் கியூபெக்கில் நிறைவேறிய 96ஆம் இலக்கச் சட்டமூலத்தின்படி, புதிதாகக் குடியேறியவரோடு அரச அலுவலகங்கள் ஆறு மாதத்தின் பின், சில விதிவிலக்குகள் தவிர, பிரெஞ்சிலேயே தொடர்புகொள்ளும். அவளுக்கு வரும் கடிதத்தை அவளால் வாசிக்க முடியாது. கணவன் வாசித்துச் சொல்லவேண்டும். பிரெஞ்சில்லாததால் அந்தத் தொழிற்சாலையை விட்டு நல்ல வேலைக்குப் போகமுடியாது. பிரெஞ்சில்லாததால் சாரதியிடம் 'இங்கே நிறுத்துங்கள்' என்று கேட்கவும் முடியாது. ஆகவே தனியே வரமுடியாது. ஆகவே வகுப்புக்குப் போகமுடியாது. ஒரு வட்டம் முழுமையாகிவிட்டது. அந்த வட்டத்தைப் போட்டது எந்தக் காடையனும் அல்ல. அக்கறையுள்ள நாலு மனிதர்கள்.

பாதுகாப்பு என்பது காவலா, போய்வரும் உரிமையா என்பதே இங்கு அடிப்படைக் கேள்வி. காவல் ஒருவர் தருவது. ஆகையால் ஒருவர் திருப்பி எடுக்கக்கூடியது. போய்வரும் உரிமை வெளிச்சத்திலும் பஸ்ஸிலும் சக பயணிகளிலும் தங்கியிருப்பது. எல்லோரும் சேர்ந்து கட்டவேண்டியது. நம் மொழியில் விடைபெறும்போது 'போறன்' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வாறன்' என்கிறோம். திரும்பி வருதலும் பயணத்தில் சேர்ந்ததென்று மொழிக்குத் தெரிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடக்கம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதைப் பற்றி எத்தனை நையாண்டி வந்தாலும், யாரிடமும் காசு கேட்காமல் ஒரு பெண் பஸ் ஏறலாம் என்பது ஆயிரம் காவலாளிகளை நிறுத்துவதைவிடப் பெரிய காரியம். பெண்கள் நிறைந்த பஸ் பெண்களுக்குப் பழகிய பஸ்ஸாகும்.

நான் முன்னே சொன்ன கணக்கெடுப்பை நாங்கள் ஐந்து பெண்கள் எங்கள் வேலைத்தலத்தில் செய்துபார்த்தோம். தொழிற்சாலை வாசலிலிருந்து தரிப்பிடம்வரை எண்ணூற்றுச் சொச்சம் அடிகள். வழியில் மூன்று விளக்குகள், ஒன்று எரியவில்லை. ஒரு பக்கம் நீளச் சுவர், மறுபக்கம் லொறிகள் நிறுத்துமிடம். ஷிப்ற் முடிவதற்கும் பஸ் வருவதற்கும் இடையில் இருபத்திரண்டு நிமிடங்கள். இரண்டு தாளில் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தோம். அவர்கள் வாசலில் ஒரு கமரா பூட்டினார்கள். அது தொழிற்சாலைக் கதவைப் பார்த்தபடி நிற்கிறது. பொருட்கள் பாதுகாப்பாயிருக்கின்றன. ஆனால் இன்னொன்றும் நடந்தது. ஐந்து பேரும் இப்போது சேர்ந்து வெளியேறுகிறோம். ஹெயிட்டியப் பெண்கள் இருவரும் பிலிப்பினோப் பெண் ஒருத்தியும் சேர்ந்துகொண்டார்கள். 'அடுத்த தரிப்பிடத்துக்கு முன் நிறுத்துங்கள்' என்ற பிரெஞ்சு வசனத்தை அந்த ஹெயிட்டியப் பெண்களிடம்தான் நம்மவர்கள் பாடமாக்கினார்கள். ஷிப்ற்றைப் பத்து நிமிடம் பிந்தி முடிக்கும்படி கேட்டு இரண்டாவது கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

6

இவ்விதழின் வாசகர்களிடம் கேட்பதற்குப் பெரிய தத்துவம் எதுவுமில்லை. சில சிறிய காரியங்கள்தான்.

நமது சந்திப்புகளையும் நூல் வெளியீடுகளையும் மெற்றோ நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வையுங்கள். புறநகர் மண்டபங்களில் வாடகை குறைவு என்பது உண்மை. அந்தக் குறைந்த வாடகையின் மிச்சத்தைக் கட்டுவது, ஏற்றிப்போக ஆளில்லாமல் வராமலே விட்ட பெண்கள். கூட்டம் தொடங்குமென்று போட்ட நேரத்தில் தொடங்குங்கள். தலைமையுரையும் வாழ்த்துரையும் நீண்டு, விவாதம் பத்து மணிக்குத் தொடங்கினால், அந்த விவாதத்தில் ஆண்கள் மட்டுமே பேசுவார்கள். பின்னர் 'பெண்கள் கருத்துச் சொல்ல முன்வருவதில்லை' என்று ஆதங்கப்படுவதில் பொருளில்லை. அவர்கள் கடைசி மெற்றோவைப் பிடிக்கப் போய்விட்டார்கள்.

பிரெஞ்சு வகுப்பிலிருந்து, தொழிற்சாலையிலிருந்து, முதியோர் இல்லத்திலிருந்து இரவில் திரும்பும் நம் பெண்களின் பாதைகளைக் கணக்கெடுக்க ஐந்து பேர் போதும். ஒரு கொப்பியும் ஒரு ரோச் லைற்றும் போதும். அக்குறிப்புகளைப் பிரெஞ்சில் எழுதித் தரக்கூடிய பட்டதாரிகள் நம்மிடையே தாராளமாக இருக்கிறார்கள். பின்நவீனத்துவத்தைப் பிரெஞ்சு மூலத்திலேயே வாசிப்பதாகச் சொல்லும் நண்பர்கள், நகரசபைக்கு ஒரு மனுவையும் அதே மொழியில் எழுதலாம்.

அடுத்த முறை 'அவள் ஏன் தனியப் போனவள்' என்று ஒரு சபையில் யாராவது கேட்டால், அதற்கு நேரான பதில் இருக்கிறது: அவளுக்குப் போகவேண்டியிருந்தது. வேலை முடிந்தது, வகுப்பு முடிந்தது, அல்லது சும்மா ஆற்றங்கரையில் நடக்க விரும்பினாள். இவற்றில் எதற்கும் அவள் யாருக்கும் காரணம் காட்டவேண்டியதில்லை. அதன்பின் பேசவேண்டியது அவள் போன பாதையைப் பற்றி: எத்தனை விளக்கு, எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ், கூப்பிட்டால் யார் வருவார்கள்.